கதிர்சிகிச்சையில் நேர்ந்த பிழைக்கு என்ன பெயர்?

1986 மார்ச் மாதம், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள டைலர் நகரம். அங்கிருந்த ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் தெரக்-25 என்ற கதிர்சிகிச்சைக் கருவியை இயக்கிக்கொண்டிருந்தவரின் திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்ற செய்தி வந்தது. கருவி நின்றது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதற்குக் கையேட்டில் விளக்கம் இல்லை. இந்தக் கருவி இப்படி அடிக்கடி நின்றுபோவதும், ‘தொடர்க’ என்ற விசையை அழுத்தியதும் மறுபடி ஓடுவதும் அங்கே வழக்கம். அவரும் அழுத்தினார். உள்ளே படுத்திருந்தவர்மேல் மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு கதிர் விழுந்திருந்தது என்று பின்னால் மதிப்பிட்டார்கள். சில மாதங்களில் அவர் இறந்தார். முதல் சம்பவம் நடந்து மூன்று வாரத்தில், அதே மருத்துவமனையில், அதே எண்ணைத் திரையில் காட்டிவிட்டு, இன்னொருவருக்கும் அது நடந்தது. அவரும் இறந்தார்.

தெரக்-25 கதையைக் கணினி மென்பொருள் படிப்பவர்களுக்குப் பாடமாகச் சொல்வார்கள். மென்பொருள் கோளாறு அதில் உண்டுதான். எனக்கு அதைவிட வலிக்கும் பகுதி வேறு. டைலருக்கு முன்பே ஜார்ஜியாவிலும், கனடாவின் ஹாமில்டனிலும், வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவிலும் இதே கருவி நோயாளிகளைச் சுட்டிருந்தது. முதல் விபத்துக்குப் பிறகு டைலர்க்காரர்கள் தயாரிப்பு நிறுவனத்திடம் ‘இப்படி வேறெங்காவது நடந்திருக்கிறதா?’ என்று கேட்டபோது, அப்படி எதுவும் தங்களுக்குத் தெரியாது என்ற பதில்தான் வந்தது. ஓர் ஊரில் அதைக் ‘கருவிக் கோளாறு’ என்றார்கள். இன்னோர் ஊரில் ‘காரணம் தெரியாத தோல் புண்’ என்றார்கள். ஒரே விபத்துதான் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதை அடையாளம் காணப் பொதுவான பெயரும் இல்லை, பெயர்களைச் சேர்த்து வைக்கப் பொதுவான இடமும் இல்லை. 1985 முதல் 1987 வரை மொத்தம் ஆறு விபத்துகள்.

இந்தக் கட்டுரை அந்தப் பெயர்களைப் பற்றியது. மருத்துவ இயற்பியலாளர்கள் கடந்த இருபது ஆண்டுகளாக உட்கார்ந்து, ‘எதை நாம் சம்பவம் என்போம், எதைத் தப்பிய பிழை என்போம், பாதிப்பை எந்த அளவுகோலில் எழுதுவோம்’ என்று வரையறுத்து வருகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அலுவலகக் காகித வேலை போலத் தெரியும். அதில் உயிர் தொங்குகிறது.

நம் ஊரில் ‘கரண்ட் வைக்கிறார்கள்’ என்று சொல்லும் இந்தச் சிகிச்சை ஒரே நாளில் முடிவதில்லை. முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்து, நோயாளி எந்த நிலையில் படுக்க வேண்டும் என்று தீர்மானிப்பார்கள். தலை, கழுத்துப் பகுதி என்றால் முகத்துக்கு ஒரு மாஸ்க் செய்வார்கள். மருத்துவர் படத்தில் கட்டியையும், காப்பாற்ற வேண்டிய உறுப்புகளையும் கோடிட்டுக் குறிப்பார். எத்தனை கிரே (கதிர் அளவின் அலகு), எத்தனை சிட்டிங் என்று எழுதுவார். இயற்பியலாளர் கணினியில் பிளான் போடுவார். மற்றொருவர் அதைச் சரிபார்ப்பார். கோப்பு கருவிக்குப் போகும். பிறகுதான் டெக்னாலஜிஸ்ட் நோயாளியைப் படுக்கவைத்து, வாரத்துக்கு ஐந்து நாள் என்ற கணக்கில், வழக்கமாக ஐந்தாறு வாரம் கதிர் கொடுப்பார். இவ்வளவு கைகள் மாறுகிற வேலையில், முதல் கையில் நுழைந்த தவறு கடைசிக் கை வரை யார் கண்ணிலும் படாமல் வந்துவிடலாம். தெரக்-25 விபத்துகளில் போன்ற மிகப் பெரிய அளவு இல்லாவிட்டால், கதிர் கண்ணுக்குத் தெரியாது, சுடாது, வலிக்காது. தவறு நடந்த கணத்தில் அதை உணர்வதற்குப் பெரும்பாலும் நோயாளிக்கும் வழியில்லை, பணியாளருக்கும் வழியில்லை.

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. ஒருவருக்கு 30 சிட்டிங், ஒவ்வொன்றிலும் 2 கிரே என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள், கதிரியக்கக் கோபால்ட்டை மூலமாகக் கொண்ட கருவியில் நேரக் கணக்கு தவறி 2.6 கிரே போய்விட்டது. மறுநாளே கண்டுபிடித்துவிட்டார்கள். மீதி 29 நாளும் சரி. நோயாளிக்கு வெளிப்படையாக ஒன்றும் ஆகவில்லை. இதற்கு என்ன பெயர்?

பிரிட்டனில், ஒரு சிட்டிங்கில் எழுதியதைவிட 20 விழுக்காடு அதிகம் போனாலே ஒழுங்குமுறை ஆணையத்திடம் தெரிவித்தாக வேண்டும். இங்கே 30 விழுக்காடு கூடியிருக்கிறது. ஆகவே அது ‘அறிவிக்க வேண்டிய கதிர்ச் சம்பவம்’. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியில் ஒரு சிட்டிங்குக்கான வரம்பு 50 விழுக்காடு, மொத்த அளவுக்கு 20 விழுக்காடு. இரண்டையும் தொடவில்லை, ஆகவே அந்த விதிப்படி இது ‘மருத்துவ நிகழ்வு’ ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோயாளிப் பாதுகாப்பு வகைப்பாட்டில் இது ‘தீங்கு விளையாத சம்பவம்’. ‘யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே’ என்பதால் அதே மருத்துவமனையின் பணியாளர் பேச்சுவாக்கில் ‘நியர் மிஸ்’ (தப்பிய பிழை) என்று சொல்லிவிடவும் கூடும். நடந்தது ஒன்று, பெயர் நான்கு.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் மரக்காலின் அளவு வேறாக இருந்தது. ‘நூறு மரக்கால் நெல்’ என்று இரண்டு ஊர்க் கணக்கில் எழுதியிருந்தாலும் இரண்டையும் கூட்டிச் சொல்ல முடியாது. சம்பவப் பதிவேடுகளின் நிலைமையும் அதேதான். ஒரு மருத்துவமனை ஆண்டுக்குப் பத்து நியர் மிஸ் என்கிறது, இன்னொன்று இருநூறு என்கிறது. இரண்டும் ஒரே பொருளை எண்ணுகின்றனவா என்று தெரியாதவரை அந்த எண்கள் எதையும் சொல்வதில்லை.

எல்லாச் சொற்களிலும் அதிகம் குழப்புவது இந்த ‘நியர் மிஸ்’தான். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் குழு 2012-இல் வெளியிட்ட பரிந்துரைகள் இந்தத் துறையில் ஒரு திருப்பம். அதில் நியர் மிஸ் என்பது, விபத்தாகவோ காயமாகவோ முடிந்திருக்கக்கூடிய, ஆனால் தற்செயலாலோ உரிய நேரத்தில் யாரோ தடுத்ததாலோ அப்படி முடியாமல் போன நிகழ்வு. இந்த வரையறையை அப்படியே எடுத்தால், கதிர் நோயாளிமீது விழுந்து, நல்லவேளையாகக் கெடுதல் நேராத நிகழ்வையும் அதற்குள் அடக்கிவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை வேறு: நோயாளியைச் சென்றடையாத சம்பவம் மட்டுமே நியர் மிஸ். 2008-இல் பிரிட்டன் நிபுணர்கள் வெளியிட்ட ‘மேலும் பாதுகாப்பான கதிர்சிகிச்சையை நோக்கி’ என்ற வழிகாட்டியும், சிகிச்சை தருவதற்கு முன்பே பிடிபட்டதைத்தான் அப்படி அழைக்கிறது.

இரண்டாவது வரையறையே சரி என்பது என் எண்ணம். காரணம் எளிது. ‘நோயாளியைத் தொட்டதா, இல்லையா?’ என்ற கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லிவிடலாம். பதிவேட்டைப் பார்த்தால் போதும். ‘தீங்கு விளைந்ததா?’ என்ற கேள்விக்கு அன்றைக்குப் பதில் இல்லை. கதிரின் கெடுதல்களில் பல, தாமதமாகத்தான் தலைகாட்டும். தோல் சிவப்பதும் வாய்ப்புண்ணும் சில வாரங்களில் தெரியும். தண்டுவடப் பாதிப்பும் குடல் இறுக்கமும் மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்து வரும். ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று முதல் வாரம் எழுதிய வரி இரண்டாம் ஆண்டில் பொய்யாகிவிடலாம். தீங்கை வைத்துப் பெயரிட்டால் பெயரே மாறிக்கொண்டிருக்கும். சென்றடைந்ததா என்பதை வைத்துப் பெயரிட்டால் பெயர் நிற்கும்.

அமெரிக்காவின் தேசியப் பதிவு அமைப்பான ரோ-இல்ஸ் கடைசியில் இந்தப் பாதைக்குத்தான் வந்தது. அங்கே நியர் மிஸ் என்றால் நோயாளியைச் சென்றடையாதது. கதிர் அளவு உத்தேசித்தபடி போகவில்லை என்றால், தீங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது கதிர்சிகிச்சைச் சம்பவம். மேசையிலிருந்து நோயாளி விழுந்தது போன்றவை வேறு ரகம். ‘பாதுகாப்பற்ற நிலை’ என்று இன்னொரு பெட்டியும் உண்டு: இன்னும் எதுவும் நடக்கவில்லை, ஆனால் நடக்கத் தோதாக இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் ஒரே நாளில் வரிசையில் உட்கார்ந்திருப்பதை இதற்குச் சொல்லலாம்.

பாதிப்பை என்ன செய்வது? அதற்குத் தனி அளவுகோல்கள். 2012 பரிந்துரையின் நல்ல பகுதிகளில் இது ஒன்று. மருத்துவப் பாதிப்புக்கு 0 முதல் 10 வரை ஓர் அளவு. எந்தத் தீங்கும் இல்லையென்றால் 0, அகால மரணம் என்றால் 10. அதிலிருந்து பிரித்து, கதிர் அளவு எத்தனை விழுக்காடு பிசகியது என்பதற்கு இன்னோர் அளவு. இரண்டாவதைக் கணக்கிட்டு உடனே எழுதிவிடலாம். முதலாவதைப் பின்னால் திருத்தலாம். இந்தப் பிரிப்பு இல்லாத இடத்தில் மிக அமைதியான விபத்துகள் பதிவேட்டில் ஏறாமலே போகும்.

அப்படிப் போன ஒன்று இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரில் நடந்தது. 1982-இல் அங்கே கணினித் திட்டமிடல் வந்தது. கதிர் மூலத்துக்கும் உடலுக்கும் இடையிலான தூரம் மாறும்போது செய்யவேண்டிய திருத்தத்தைக் கணினியே போட்டுக்கொண்டிருந்தது. அது தெரியாமல், பழைய வழக்கப்படி அதே திருத்தத்தைக் கையாலும் போட்டார்கள். திருத்தம் இரண்டு முறை விழுந்து, நோயாளிக்குக் கதிர் குறைந்தது. 1991 வரை, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குறைந்த கதிரே பெற்றார்கள். யாருக்கும் தோல் கருகவில்லை, யாரும் புகார் சொல்லவில்லை. பக்கவிளைவு குறைவாக இருந்தால் சந்தோஷப்படத்தானே செய்வோம். கட்டி திரும்பி வந்தபோது அதை நோயின் குணம் என்று எடுத்துக்கொண்டார்கள். ‘அதிகக் கதிர்’ என்பதை மட்டுமே விபத்தாக எண்ணும் எந்தப் பதிவேட்டிலும் இந்த ஆயிரம் பேருக்கு இடமிருக்காது. இன்றைய வரையறைகள் ‘உத்தேசித்ததிலிருந்து விலகல்’ என்று கூடுதலையும் குறைவையும் சேர்த்துப் பேசுவதற்கு இது போன்ற அனுபவங்கள் பின்னால் இருக்கின்றன.

நடந்ததற்குப் பெயர் வைத்தால் மட்டும் போதாது, எங்கே நடந்தது என்பதற்கும் பொதுவான முகவரி வேண்டும். இதற்காக அதே 2012 குழு, வெளிக்கதிர் சிகிச்சையின் முழுப் பாதையையும் 91 படிகளாகப் பிரித்து எழுதியது. உடலுக்குள் மூலத்தை வைத்துத் தரும் பிராக்கிதெரபிக்கு 88 படிகள். கூடவே, பிழையைப் பிடிக்கும் தடுப்புகள் எவை என்றும் பட்டியலிட்டார்கள்: இயற்பியலாளர் பிளானைச் சரிபார்ப்பது, முதல் நாள் படம் எடுத்து ஒப்பிடுவது, வாரந்தோறும் சார்ட்டைப் பார்ப்பது என்று இப்படி. ஒவ்வொரு சம்பவத்துக்கும் இரண்டு இடங்களை எழுத வேண்டும். பிழை பிறந்த படி எது, பிடிபட்ட படி எது.

இதைப் படித்தபோது இதன் ஆற்றல் எனக்கு உடனே பிடிபடவில்லை. யோசிக்க யோசிக்கத்தான் விளங்கியது. ஸ்கேன் அறையில் இடமும் வலமும் மாறிப்போய், மூன்றாவது சிட்டிங்கில் ஒரு டெக்னாலஜிஸ்ட் கண்டுபிடித்தார் என்றால், இடையில் இருந்த எல்லாத் தடுப்புகளையும் அந்தப் பிழை தாண்டி வந்திருக்கிறது. ஒரு சம்பவத்தில் இது தற்செயல் என்று விட்டுவிடலாம். நூறு மருத்துவமனைகளின் பதிவுகள் ஒரே முகவரி முறையில் சேரும்போது எந்தத் தடுப்பு உழைக்கிறது, எது பெயருக்கு நிற்கிறது என்று தெரிந்துவிடும். அமெரிக்காவில் இரண்டு மருத்துவமனைகளின் சம்பவங்களை இப்படி வகுத்துப் பார்த்த ஆய்வொன்று, சிகிச்சைக்கு முன் கருவியில் செய்யும் அளவீட்டுச் சோதனை மிகச் சில பிழைகளையே பிடிக்கக்கூடியது என்றும், ஓர் இயற்பியலாளர் உட்கார்ந்து சார்ட்டைப் படிப்பது பெரும்பங்கு பிழைகளைப் பிடிக்கும் என்றும் காட்டியது. மணிக்கணக்கில் நேரம் வாங்குவது முதல் வேலைதான். பணியாளர் நேரத்தை எங்கே செலவிடுவது என்ற நடைமுறைக் கேள்விக்கு இது நேரான பதில். பொதுவான சொற்கள் இல்லாமல் இந்தக் கணக்கைப் போட்டிருக்கவே முடியாது.

காரணங்களுக்கும் இப்படித்தான் ஒரு வகைப்பாடு: தொடர்புக் குறைபாடு, பயிற்சி, நடைமுறை, கருவி, அவசரம் என்று. கோஸ்டாரிக்காவின் சான் ஹோசே நகரில் 1996-இல் கோபால்ட் மூலத்தை மாற்றியபோது, அளவீட்டில் 0.3 நிமிடம் என்றிருந்ததை 30 விநாடி என்று எடுத்துக்கொண்டார்கள். 0.3 நிமிடம் என்பது 18 விநாடி. புதிய மூலத்தின் வீரியம் உண்மையைவிடக் குறைவாகக் கணக்கில் ஏற, நோயாளிகளை நீண்ட நேரம் கதிரில் வைத்தார்கள். 115 பேருக்கு எழுதியதைவிட அரைப் பங்குக்கும் மேல் அதிகம் போனது, இறப்புகளும் நேர்ந்தன. இதை ‘இயற்பியலாளரின் தவறு’ என்று ஒரு வரியில் எழுதி மூடிவிடலாம். ‘மூலம் மாற்றிய பின் அளவை இரண்டாவது ஆள் தனியாகச் சரிபார்க்கவில்லை’ என்று எழுதினால், அதைப் படிக்கும் இன்னொரு நாட்டு மருத்துவமனை ஏதாவது செய்ய முடியும்.

பெயரில் குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான் பெரிய தொல்லை. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் பல ஆண்டுகள் ‘தவறான வழங்கல்’ என்ற பொருள்படும் சொல்லையே சட்டத்தில் வைத்திருந்தது. 2002-இல் அதை ‘மருத்துவ நிகழ்வு’ என்று மாற்றியது. சொல் மாறினால் மனம் மாறிவிடுமா என்று கேட்கலாம். படிவத்தை நிரப்ப வேண்டிய இளம் டெக்னாலஜிஸ்டின் இடத்தில் நின்று பாருங்கள். ‘நீ தவறாகக் கொடுத்தாய்’ என்று தலைப்பிட்ட தாளில் யார் விரும்பிக் கையெழுத்திடுவார்? 2014-இல் ரோ-இல்ஸ் தொடங்கியபோது, 2005-ஆம் ஆண்டின் நோயாளிப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலுக்குள் அதைக் கொண்டுவந்ததும் இதற்காகவே: பாடத்துக்காகக் கொடுத்த தகவல் வழக்குக்கு ஆயுதமாகக் கூடாது. தண்டிக்க வேண்டிய அலட்சியத்துக்கு வேறு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே தாளில் கலக்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சம்பவங்களை வகைப்படுத்துவதில் பிரான்ஸ் வேறு வழி போனது. எபினால் நகர மருத்துவமனையில் 2004, 2005 ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட புராஸ்டேட் நோயாளிகளுக்குக் கதிர் அதிகமாகப் போய், சிலர் இறந்தார்கள். திட்டமிடும் மென்பொருளின் திரை ஆங்கிலத்தில் இருந்தது. பிரெஞ்சில் கையேடு இல்லை. கதிரை ஒரு பக்கம் மட்டுப்படுத்தும் ‘வெட்ஜ்’ என்ற உறுப்பில் நிலையானது, அசைவது என இரண்டு வகை உண்டு. ஒன்றுக்குப் போட்ட கணக்கு மற்றதற்குப் போனது. இந்தச் செய்தி நாட்டையே உலுக்கியது. மக்களுக்கு விளங்கும்படி இதன் கடுமையைச் சொல்ல அளவுகோல் இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. அணு விபத்துகளுக்கான 0 முதல் 7 வரையிலான உலக அளவுகோல் ஏற்கெனவே உண்டு. டெல்லி மாயாபுரியில் 2010-இல் பழைய இரும்புச் சந்தைக்கு வந்த கோபால்ட்டால் ஒருவர் இறந்தபோது அந்த அளவில் 4 என்று குறித்தார்கள். ஆனால் சிகிச்சை பெறும் நோயாளிக்கு நேர்வது அந்த அளவுகோலுக்குள் வராது. பிரான்சின் அணுப் பாதுகாப்பு ஆணையமும் கதிர்சிகிச்சை மருத்துவர் சங்கமும் சேர்ந்து 2007-இல் தனியாக ஒன்றைச் செய்தன. அதிலும் 0 முதல் 7 வரை. 2, 3 சம்பவங்கள், 4-இலிருந்து விபத்துகள். பத்திரிகைச் செய்தி படிக்கும் குடிமகனுக்கு இது உதவும். பிழையிலிருந்து கற்க விரும்பும் பிளானிங் அறைக்கு 91 படிகளின் முகவரிதான் உதவும். ஒரே கருவியால் இரண்டு வேலையும் ஆகாது.

உலகப் பதிவேடுகளும் இப்போது உண்டு. ஐரோப்பிய நிபுணர்கள் 2001-இல் ரோசிஸ் என்ற தன்னார்வப் பதிவைத் தொடங்கினார்கள். பன்னாட்டு அணுசக்தி முகமை 2012 டிசம்பரில் சாஃப்ரான் என்ற அமைப்பைத் திறந்தது; எந்த நாட்டின் கதிர்சிகிச்சை மையமும் கட்டணமின்றிச் சேரலாம், பெயர் வெளிவராது. உலக சுகாதார நிறுவனம் 1976 முதல் 2007 வரையிலான தரவைத் தேடித் தொகுத்தபோது, சம்பவங்களால் தீங்குற்றவர்கள் 3125 பேர் என்றும், அவர்களில் 38 பேர் அதிகக் கதிரால் இறந்தார்கள் என்றும் கண்டது. தீங்கில்லாமல் தப்பிய நிகழ்வுகளாக, 1992-க்குப் பின் மட்டும், 4616 கிடைத்தன. உலகம் முழுவதும் அந்த ஆண்டுகளில் கதிர்சிகிச்சை பெற்றவர்களின் தொகையை நினைத்தால் இவை சிறு எண்கள். அதை முழு உண்மை என்று எடுக்க முடியாது. எழுதிவைத்த இடங்களின் எண் அவ்வளவுதான். ஆகவே ஒரு மருத்துவமனை நிறையச் சம்பவங்களைப் பதிகிறது என்று கேள்விப்பட்டால் பயந்து வேறிடம் தேட வேண்டாம். ஒன்றுமே பதியாத இடத்தைப் பற்றித்தான் விசாரிக்க வேண்டும்.

வேலை முடியவில்லை. பழைய வரம்புகளெல்லாம் சிகிச்சை முப்பது சிட்டிங்காகப் பரவியிருந்த காலத்தில் எழுதியவை. அப்போது ஒரு சிட்டிங் முழுதும் பிசகினால்கூட மொத்தத்தில் அது ஏறத்தாழ 3 விழுக்காடு. மீதி நாட்களில் ஈடுகட்டலாம். இப்போது மார்பகத்துக்கு 26 கிரேயை ஐந்தே சிட்டிங்கில் கொடுக்கிறார்கள். புராஸ்டேட்டுக்கும் ஐந்து நாள் முறை பரவிவருகிறது. அங்கே ஒரு நாள் தவறினால் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஈடுகட்ட நாளும் இல்லை. அன்றன்று ஸ்கேன் எடுத்து அன்றன்றே பிளானை மாற்றும் புதிய முறையில் இன்னொரு சிக்கல். ‘உத்தேசித்த பிளானிலிருந்து விலகல்’ என்றால் எந்த பிளான்? மருத்துவர் முதல் வாரம் கையெழுத்திட்டதா, இன்று காலை நோயாளி மேசையில் படுத்திருக்கும்போதே அரை மணி நேரத்தில் மாற்றியதா? அந்த அரை மணி நேரத்தில் சார்ட்டை உட்கார்ந்து படிக்க இரண்டாவது இயற்பியலாளருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதையும் அடுத்த வரையறைகள் கேட்டாக வேண்டும்.